அரைப் பாக்கெட், ஒரு டம்ளர்: குழந்தையின் பேதிக்கு ஓ.ஆர்.எஸ். கரைக்கும் அளவைப் பற்றி

கேள்வி — 2025 நவம்பர் 9, காலை 10.50

என் மகளுக்கு 13 மாதம் ஆகிறது; எடை 9 கிலோ. நேற்றிரவு முதல் தண்ணீராகப் பேதி போகிறது, இதுவரை ஏழு முறை. இரண்டு முறை வாந்தியும் எடுத்தாள். மருந்துக் கடையில் வாங்கிய ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி) பாக்கெட்டிலிருந்து கொஞ்சம் எடுத்து டம்ளரில் கரைத்துக் கொடுத்தேன். குடித்த வேகத்தில் அப்படியே கக்கிவிட்டாள். ஆகவே ஓ.ஆர்.எஸ். அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். இது பல் முளைக்கும் பேதிதான், பாலை நிறுத்தி வயிற்றைக் காயப்போட்டால் சரியாகிவிடும் என்கிறார் என் மாமியார். ஓ.ஆர்.எஸ். இல்லாமல் பேதியை நிறுத்த வழி உண்டா?

பதில் — நவம்பர் 9, காலை 11.40

முதலில் குழந்தையைப் பாருங்கள். பாக்கெட்டும் அளவும் பிறகு. அவள் விழித்திருக்கிறாளா, உங்கள் முகத்தைப் பார்க்கிறாளா, கண்கள் குழி விழுந்திருக்கின்றனவா, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாள் என்று கவனியுங்கள். தொப்புளுக்கும் விலாப்புறத்துக்கும் நடுவே வயிற்றுத் தோலை இரண்டு விரல்களால் நீளவாக்கில் மெல்லப் பிடித்துத் தூக்கி விடுங்கள். நலமாக உள்ள குழந்தைக்கு அந்த மடிப்பு விட்டவுடன் மறைந்துவிடும். மெதுவாகப் படிந்தால் நீர் வற்றத் தொடங்கியிருக்கிறது. இரண்டு நொடிக்கு மேலும் மடிப்பு அப்படியே நின்றால் மேற்கொண்டு எதையும் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

குழந்தை துவண்டு கிடந்தாலோ, எழுப்பினாலும் கண் திறக்க மறுத்தாலோ, குடிக்கவே முடியாவிட்டாலோ, கொடுப்பதையெல்லாம் கக்கினாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ வீட்டில் வைத்திருக்கக் கூடாது. வண்டி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள். கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு தாகமாகக் குடிப்பதும் நல்ல பசி என்று நினைத்து விட்டுவிடக்கூடிய அறிகுறி. அதுவும் நீர் வற்றுவதையே காட்டுகிறது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தையாக இருந்தால் இந்த அறிகுறிகள் எதற்கும் காத்திராமல் பேதி என்றவுடன் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் சொல்கிறேன்: கக்கியதற்குக் காரணம் ஒத்துக்கொள்ளாமை அன்று. வாந்தி எடுத்துக் களைத்த வயிற்றில் அரை டம்ளரை ஒரே மூச்சில் ஊற்றினால் எந்தத் திரவமாக இருந்தாலும் திரும்பி வரும். பத்து நிமிடம் பொறுத்து, பாலாடையிலோ தேக்கரண்டியிலோ ஓரிரு நிமிடத்துக்கு ஒரு கரண்டி என்று கொடுங்கள். கை வலிக்கும், பொறுமை போகும், ஆனால் அப்படித்தான் உள்ளே தங்கும். தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம்.

நீங்கள் எழுதியதில் என்னை உறுத்துவது வேறொரு சொல். "கொஞ்சம் எடுத்து" என்றால் எவ்வளவு? எத்தனை கிராம் பாக்கெட், எவ்வளவு தண்ணீர்?

நவம்பர் 9, பகல் 12.25

21 கிராம் பாக்கெட், அதில் கால் பங்கு, ஒரு டம்ளர் தண்ணீர் என்று பதில் வந்திருக்கிறது. கரைத்ததில் மீதியையும் பிரித்த பாக்கெட்டில் உள்ள பொடியையும் கீழே கொட்டிவிடுங்கள்.

கடைகளில் இரண்டு அளவுப் பாக்கெட்டுகள் கிடைக்கின்றன. சுமார் 4 கிராம் உள்ள சிறியது 200 மில்லி தண்ணீருக்கு. 20 அல்லது 21 கிராம் உள்ள பெரியது ஒரு முழு லிட்டருக்கு. எது எவ்வளவு தண்ணீருக்கு என்று உறையின் மேலேயே அச்சிட்டிருக்கும். எந்தப் பாக்கெட்டாக இருந்தாலும் முழுவதையும் ஒரே தடவையில், அதில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதி, கால் என்று கண்ணால் பிரிப்பது கூடாது. உள்ளே இருப்பது நான்கு பொருள்களின் கலவை, உங்கள் கால் பங்கில் உப்பு கூடுதலாக வந்ததா சர்க்கரை கூடுதலாக வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், அதாவது வீட்டு டம்ளரில் ஐந்து டம்ளர், எடுத்து முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் கலக்குங்கள். கரைத்த பிறகு சூடுபடுத்தக் கூடாது. பால், பழச்சாறு எதிலும் கரைக்கக் கூடாது. ருசிக்காகச் சர்க்கரை சேர்க்கக் கூடாது. மூடி வையுங்கள், 24 மணி நேரம் ஆனதும் மீதி எவ்வளவு இருந்தாலும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும் 50 முதல் 100 மில்லி வரை. பெரிய பிள்ளைகளுக்கு 100 முதல் 200 வரை.

நவம்பர் 9, மாலை 6.10

மதியம் எழுதியதில் தவறு செய்துவிட்டேன். "ஐந்து டம்ளர்" என்று எழுதிவிட்டு மனம் கேட்காமல் சமையலறைக்குப் போய், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு அளந்து பார்த்தேன். என் எவர்சில்வர் டம்ளர் விளிம்பு வரை நிரப்பினால் 180 மில்லிதான் பிடிக்கிறது. மருமகள் வாங்கி வந்த கண்ணாடி டம்ளர் 240. காபி குடிக்கும் டம்ளரோ 120-ஐத் தாண்டவில்லை. ஆக, ஐந்து டம்ளர் என்பது ஒரு வீட்டுக்குள்ளேயே 600 மில்லியிலிருந்து 1200 மில்லி வரை எதுவாகவும் இருக்கலாம். மேலே உள்ள குறிப்பிலிருந்து ஐந்து டம்ளர் கணக்கை எடுத்துவிட்டதாகக் கொள்ளுங்கள்.

அதற்குப் பதில், கடையில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அளவாக வையுங்கள். அந்தத் தண்ணீரை ஒரு சொம்பிலோ தூக்கிலோ ஊற்றி, நீர்மட்டம் எங்கே நிற்கிறதோ அந்த இடத்தில் உள்பக்கமாக ஆணியால் ஒரு கோடு கீறிவிடுங்கள். என் வீட்டில் அப்படிக் கோடு கீறிய சொம்பு ஒன்று அடுக்களை மாடத்தில் தனியாக இருக்கிறது. பேதிக் காலத்தில் வேறு எதற்கும் அதை எடுப்பதில்லை.

நவம்பர் 10, காலை 7.30

"உப்பையும் சர்க்கரையையும் தண்ணீரில் போடுவதற்கு இத்தனை கறாரா?" என்று சேலத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மன்னார்குடிப் பக்கத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்த முப்பத்து மூன்று ஆண்டுகளில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான்.

பேதியின்போது குடல் தண்ணீரை உள்ளே வாங்காமல் வெளியே விடுகிறது. வெறும் தண்ணீர் கொடுத்தால் பெரும்பகுதி அப்படியே போய்விடுகிறது. ஆனால் குடல் சுவரில் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் வழி ஒன்று இருக்கிறது. பேதி எவ்வளவு கடுமையாக இருந்தாலும் பெரும்பாலும் அது கெடுவதில்லை. குளுக்கோஸ் வந்தால் சோடியம் போகும், சோடியம் போனால் தண்ணீர் அதன் பின்னாலேயே போகும். எடையில் அன்று, மூலக்கூறுகளின் எண்ணிக்கையில் இரண்டும் சமமாக இருந்தால் இந்த வேலை நன்றாக நடக்கும். அதனால்தான் இப்போதைய பாக்கெட்டில் லிட்டருக்கு 2.6 கிராம் சாதாரண உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட் என்று மொத்தம் 20.5 கிராம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துப் பாக்கெட்டில் உப்பும் குளுக்கோஸும் இதைவிடக் கூடுதல். குறைத்த அளவில் பேதியும் வாந்தியும் குறைகின்றன என்று தெரிந்த பிறகு, 2002-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அளவை மாற்றின. சில கிராம் கூடுதல், குறைவுக்காக உலகமே சூத்திரத்தை மாற்றியிருக்கிறது. நாமோ "கொஞ்சம்" என்கிறோம்.

இந்தக் கரைசலின் வலிமையை உலகுக்குக் காட்டியவர் கல்கத்தாவைச் சேர்ந்த மருத்துவர் திலீப் மகலனபிஸ். 1971-இல் வங்கதேசப் போரிலிருந்து தப்பி வந்த அகதிகள் நிறைந்த, மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. அவர் உப்பையும் குளுக்கோஸையும் சமையல் சோடாவையும் அளந்து பொட்டலம் கட்டி, பீப்பாய்களில் கரைத்து, குழாய் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே பிடித்து ஊட்டச் சொன்னார். முப்பது விழுக்காடு அளவில் இருந்த சாவு நான்கு விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. அவர் 2022-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள். அங்கே கரைசலை ஊட்டியவர்கள் மருத்துவம் படிக்காத தாய்களும் அக்காமார்களும்தான். பொடியை மட்டும் தெரிந்தவர்கள் அளந்து கொடுத்தார்கள்.

நவம்பர் 10, காலை 8.05

மேலே விட்டுப்போனது. வங்கதேசத்தில் பிராக் என்னும் தொண்டு அமைப்பு 1980-இலிருந்து பத்தாண்டுகள் வீடு வீடாகப் போய் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு உப்பும் வெல்லமும் கரைக்கச் சொல்லிக் கொடுத்தது: மூன்று விரல் சேர்த்து எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை லிட்டர் தண்ணீர். நான் வியந்து போற்றுவது அவர்கள் கூலி கொடுத்த முறையை. எத்தனை வீடு ஏறி இறங்கினாய் என்று கணக்குப் பார்க்கவில்லை. சில வாரம் கழித்து வேறு ஒருவர் போய், அந்தத் தாய் எவ்வளவு நினைவு வைத்திருக்கிறாள், சரியான அளவில் கரைக்கிறாளா என்று பார்த்து, அதற்கேற்பச் சொல்லிக் கொடுத்தவருக்குக் கூலி. எங்களுக்கு அப்படி வைத்திருந்தால் நான் இன்னும் நன்றாகக் கற்றுக் கொடுத்திருப்பேன். நான் எத்தனை பாக்கெட் கொடுத்தேன் என்று பதிவேட்டில் எழுதினேன். எத்தனை வீட்டில் சரியாகக் கரைத்தார்கள் என்று எழுத அதில் பத்தியே கிடையாது.

நவம்பர் 10, இரவு 9.20

பாக்கெட் கிடைக்காத இடத்தில் என்ன செய்வது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. தேக்கரண்டி என்றால் 5 மில்லி கரண்டி. மருந்து பாட்டிலோடு வரும் மூடியில் 5 என்று குறித்திருக்கும், அதை அளவாகக் கொள்ளலாம். சர்க்கரை குறைந்தால் பெரிய கேடில்லை, உப்பு கூடினால் கேடு. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், கண்ணீரை விடக் கரிக்கக் கூடாது. பாக்கெட் கைக்கு வந்ததும் இதை விட்டுவிட்டு அதற்கு மாறிவிட வேண்டும்; இதில் பொட்டாசியம் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாக்கெட் இலவசம். அங்கன்வாடியிலும் கேட்டுப் பாருங்கள்.

இளநீர் கொடுக்கலாமா என்றால், இடையிடையே கொடுக்கலாம். அதில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது, சோடியம் குறைவு. ஆகவே அது கரைசலின் இடத்தைப் பிடிக்காது. உப்புப் போட்ட வடிகஞ்சியும் நீர்மோரும் நல்லவை. பாட்டிலில் வரும் கலர் பானங்கள், டப்பாவில் வரும் குளுக்கோஸ் பவுடர், கடைப் பழச்சாறு இவை வேண்டாம். அளவுக்கு மீறிய சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும்.

காகிதப் பெட்டியில் ஓ.ஆர்.எஸ். என்று எழுதி வந்த இனிப்புப் பானங்களும் அந்த வகையே. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் போன மாதம்தான், அதாவது 2025 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி இல்லாத எந்தப் பானத்தின் பெயரிலும் அந்த மூன்று எழுத்துகள் வரக் கூடாது என்று உத்தரவிட்டது. ஐதராபாத்தைச் சேர்ந்த ஒரு குழந்தை மருத்துவர் ஆண்டுக்கணக்கில் தனியாளாகப் போராடியதன் பயன் அது. பழைய சரக்கு கடையில் இன்னும் இருக்கக்கூடும். பெட்டியின் பின்புறம் லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நவம்பர் 11, அதிகாலை 4.50

தூக்கம் வரவில்லை. இத்தனை நாள் அளவு, அளவு என்று எழுதிக்கொண்டிருக்கிறேனே, அதன் காரணத்தைச் சொல்லாமல் எழுதுவது முறையன்று.

2022 மே மாதம். கோவையில் இருக்கும் என் மகள் இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்தாள். பேத்திக்கு அப்போது 14 மாதம், காலையிலிருந்து பேதி. நான் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். சிறுநீர் போகிறதா, கண் குழி விழுந்திருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று எல்லாம் கேட்டுவிட்டு, "பயப்படாதே, அரைப் பாக்கெட்டைக் கரைத்துக் கரண்டி கரண்டியாகக் கொடு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அரை லிட்டர் தண்ணீர் என்பது என் மனத்தில் இருந்தது, வாயில் வரவில்லை. அவள் வீட்டில் இருந்தது ஒரு லிட்டர் பாக்கெட். அதில் பாதியை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்தாள், அம்மா சொன்னதாயிற்றே என்று. டம்ளர் 200 மில்லி என்று கொண்டாலும், இருக்க வேண்டியதைப் போல இரண்டரை மடங்கு கெட்டியான கரைசல். விடியற்காலை மீதிப் பாதியையும் அதே டம்ளரில் கரைத்தாள். குழந்தை தாகத்தில் அழ அழ, இதைவிட நல்லது எது என்று அதையே ஊட்டியிருக்கிறாள். கடலில் தவிப்பவருக்குக் கடல்நீரையே கொடுத்தது போல.

மறுநாள் பகலில் குழந்தையின் அழுகை மாறிவிட்டது என்றாள். கீச்சென்று ஒரே சுருதியில் அழுகிறாள், தொட்டால் விதிர்த்துப் போகிறாள், பிறகு கண் செருகுகிறாள் என்றாள். தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரத்தத்தில் சோடியம் 135-இலிருந்து 145-க்குள் இருக்க வேண்டும். அவளுக்கு 160-ஐத் தாண்டியிருந்தது. சட்டென்று இறக்கினால் மூளை வீங்கி வலிப்பு வரும் என்பதால் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, மணிக்கொரு தரம் பார்த்துப் பார்த்துக் குறைத்தார்கள். நான் இரவுப் பேருந்தில் போய் இறங்கியபோது என் மகள் அந்த டம்ளரைத் துணிப்பையில் வைத்திருந்தாள், எவ்வளவு தண்ணீரில் கரைத்தாய் என்று மருத்துவர் கேட்டார் என்பதற்காக. அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

பேத்தி பிழைத்தாள், நன்றாக இருக்கிறாள். என் மகள் ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. ஆயிரக்கணக்கான தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்த நான் சொந்த மகளிடம், அவளுக்குத் தெரியாதா என்று நினைத்து, பாதி வாக்கியத்தோடு நிறுத்திவிட்டேன். இங்கே நீங்கள் "கொஞ்சம் எடுத்து" என்று எழுதியதைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது.

நவம்பர் 11, காலை 9.15

அதிகாலைக் குறிப்பை எழுதிய பிறகு, முதல் நாள் எழுதிய தோல் மடிப்புச் சோதனையில் ஒரு திருத்தம் தேவை என்று தோன்றியது. கெட்டியான கரைசலால் சோடியம் ஏறிய குழந்தைக்குத் தோல் மடிப்பு விரைவாகவே படிந்துவிடலாம். தோல் பிசைந்த மாவு போல இருக்கும். என் மகளும் அன்று காலை வயிற்றுத் தோலைப் பிடித்துப் பார்த்து, நன்றாகத்தானே இருக்கிறது என்று ஏமாந்தாள். கொழுகொழுவென்று இருக்கும் குழந்தைக்கும் மடிப்பு சரியாகவே தெரியும். மெலிந்த குழந்தைக்கு நீர் வற்றாவிட்டாலும் மடிப்பு நிற்கும். ஆகவே தோலை மட்டும் நம்ப வேண்டாம். சிறுநீர், கண், விழிப்பு, அழுகையின் குரல் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். "என் குழந்தை இப்படி அழாது" என்று தாய் சொன்னால் அதை நான் எந்தச் சோதனைக்கும் மேலாக வைப்பேன்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: கரிக்கிறது என்று ஒன்றரை லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைப்பது. அப்போது உப்பு குறைந்துபோய் வேறு வகையில் ஆபத்து. கரிப்பைக் குழந்தை ஏற்கவில்லை என்றால் தண்ணீரைக் கூட்ட வேண்டாம். ஆற வைத்த கரைசலைச் சற்றுக் குளிர்வித்துக் கொடுத்துப் பாருங்கள்.

நவம்பர் 12, பகல் 3.00

கேள்வி கேட்டவர் மாமியாரைப் பற்றிக் கொஞ்சம் கோபத்தோடு எழுதியிருக்கிறார். பெரியவர்களை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். என் பாட்டி குழந்தையை மடியில் போட்டதும் முதலில் உச்சந்தலையைத்தான் தடவுவாள். உச்சிக்குழி பள்ளமாக இருந்தால் முகம் மாறிவிடும். நீர் வற்றிய கைக்குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்கும் என்று நான் செவிலியர் பயிற்சியில் படித்தபோது, இதைத்தானே பாட்டி சொன்னாள் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் கண்டது சரியாக இருந்தது. அதன்பின் செய்ததில்தான் பிழை. குடல் தட்டுவது, தொக்கம் எடுப்பது, கல்லில் இழைத்த உரை மருந்தை வாந்தி எடுக்கும் குழந்தையின் வாயில் தடவுவது இவற்றால் நீர் திரும்பாது. போகும் நேரமோ திரும்பாது.

பல் முளைப்பதற்கும் பேதிக்கும் உள்ள தொடர்பு இவ்வளவுதான்: அந்த வயதில் குழந்தை தவழ்கிறது, கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாயில் வைத்துக் கடிக்கிறது, தரையில் உள்ள கிருமி வயிற்றுக்குப் போகிறது. பல்லின்மேல் பழியைப் போட்டுவிட்டால் கையையும் பொம்மையையும் யாரும் கழுவ மாட்டார்கள்.

பாலை நிறுத்துவதும் பட்டினி போடுவதும் தவறு. குடல் பழுதை ஆற்றிக்கொள்ளச் சோறு வேண்டும். குழைந்த சாதம், தயிர், இட்லி, பருப்பு, வாழைப்பழம் இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்க வேண்டும்; பேதி நின்ற பிறகும் இரண்டு வாரத்துக்கு நாளொன்றுக்கு ஒரு வேளை கூடுதலாக ஊட்ட வேண்டும். மாமியாரிடம் விவாதம் செய்வதைவிட அந்த வேலையை அவரிடமே ஒப்படையுங்கள். என் அனுபவத்தில், கரண்டி கரண்டியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஊட்டும் பொறுமை பாட்டிகளுக்குத்தான் இருக்கிறது.

நவம்பர் 12, பகல் 3.20

பேதியை உடனே நிறுத்தும் மாத்திரை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: பெரியவர்கள் பயணத்தில் போட்டுக்கொள்ளும் அந்த லோபரமைடு மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. அது குடலின் அசைவை நிறுத்திவிடும். வயிறு ஊதி உயிருக்கே ஆபத்தாகலாம். மலத்தில் ரத்தம் இல்லாத தண்ணீர்ப் பேதிக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கும் தேவைப்படாது. ஓ.ஆர்.எஸ். கொடுத்தும் பேதி நிற்கவில்லையே என்ற குறை எப்போதும் வரும். அது பேதியை நிறுத்துவதற்கான மருந்தே அன்று; பேதி தானாக அடங்கும்வரை குழந்தையின் உடலில் நீரைக் காத்து வைக்கிறது.

நவம்பர் 13, இரவு 8.40

குழந்தைக்குப் போன பத்து மணி நேரத்தில் இரண்டு முறைதான் போயிற்று, சிறுநீர் நன்றாகப் போகிறது, தயிர்சாதம் சாப்பிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நெஞ்சு நிறைந்தது. சொம்பில் கோடு கீறியதை மாமியாரே செய்தார் என்பது எனக்கு இன்னும் மகிழ்ச்சி.

நவம்பர் 14, காலை 6.45

திங்கட்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த மாத்திரை எதற்கு, பேதி குறைந்துவிட்டதால் நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம். அது ஜிங்க், அதாவது துத்தநாகம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளுக்கு ஒரு 20 மில்லிகிராம் மாத்திரை, இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை பாதி மாத்திரை. மொத்தம் 14 நாள். கரண்டியில் கொஞ்சம் தாய்ப்பாலோ ஆறிய தண்ணீரோ விட்டு மாத்திரையைப் போட்டால் தானே கரைந்துவிடும். இது இந்தப் பேதியின் நாள்களைக் குறைப்பதோடு, அடுத்த சில மாதங்களில் மீண்டும் வராமலிருக்கவும் உதவுகிறது. எங்கள் பகுதியில் நான் கண்டவரை பேதி நின்ற மூன்றாம் நாள் மாத்திரையும் நின்றுவிடும். மீதி அட்டை சாமி படத்துக்குப் பின்னால் கிடக்கும். அதற்காகவே பிற்காலத்தில் மாத்திரை அட்டையின் பின்புறம் தேதிகளை நானே எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன்.

இன்னொன்று, தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். 6, 10, 14 வாரங்களில் வாயில் விடும் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து மூன்று தவணையும் போயிருக்கிறதா? சிறு குழந்தைகளின் கடும் பேதிக்கு அந்த வைரஸ் ஒரு முக்கியக் காரணம். இந்தியாவிலேயே உருவான ரோட்டா தடுப்பு மருந்தைச் சோதித்த மூன்று இடங்களில் நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் ஒன்று. டெல்லியும் புனேயும் மற்றவை. அந்த மருந்து வந்தபிறகும் பேதி வரலாம், வேறு கிருமிகள் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் ரோட்டாவால் வரும் கடுமை குறையும்.

கை கழுவுவதைப் பற்றி நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. குடத்துக்குள் கையோடு டம்ளரை விட்டு மொள்வதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தண்ணீரை எவ்வளவு காய்ச்சினாலும் அந்த ஒரு கையால் வீணாகிவிடும். நீளக் காம்புள்ள அகப்பையோ அடியில் குழாய் வைத்த பாத்திரமோ வைத்துக்கொள்ளுங்கள். பால் புட்டியை விட்டுவிட்டுப் பாலாடைக்கும் டம்ளருக்கும் மாறுங்கள். புட்டியின் ரப்பர் மூடியில் தங்கும் பாலை எந்தத் தாயாலும் முழுதாகக் கழுவ முடிந்ததில்லை.

நவம்பர் 17, காலை 7.10

சேலத்துத் தந்தை ஒரு படம் அனுப்பியிருக்கிறார்: தூக்குச் சட்டியின் உள்ளே கோடு, ஆனால் அரை லிட்டருக்கும் ஒன்று, ஒரு லிட்டருக்கும் ஒன்று. தயவுசெய்து அரை லிட்டர் கோட்டை அழித்துவிடுங்கள். நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் கரைப்பவருக்கு ஒரே கோடுதான் இருக்க வேண்டும். கீறலை அழிக்க முடியாதென்றால் வேறு பாத்திரத்தில் புதிதாக ஒன்று கீறுங்கள். ஒரு லிட்டர் கோட்டை மட்டும்.

கேள்வி கேட்டவருக்கு: திங்கட்கிழமை தொடங்கிய மாத்திரைக்கு இன்று எட்டாவது நாள். இன்றைய மாத்திரையைக் கொடுத்த பிறகு பதினான்கில் ஆறு மீதம் இருக்க வேண்டும். அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.